திருத்திய தாள் திரும்பி வருமா?

தொலைநிலைக் கல்வியின் வரலாற்றைப் பற்றிப் பேச யாரைக் கூப்பிட்டாலும் ஒரே படத்தைத்தான் திரையில் போடுகிறார்கள். இடது ஓரத்தில் தபால் உறை, அடுத்து வானொலிப் பெட்டி, அப்புறம் தொலைக்காட்சி, கணினி, கைப்பேசி. வலது ஓரத்தில் இப்போது புதிதாக ஒரு ரோபோ பொம்மை. நடுவில் அம்புக்குறிகள். சென்ற மாதம் கேட்ட இணையவழிக் கருத்தரங்கிலும் இதே படம். எல்லா அம்புகளும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. எனக்கு அதில்தான் கண் போனது.

நான் பல ஆண்டுகளாகத் தொலைநிலை மாணவர்களின் ஒப்படைப்புகளைத் திருத்துகிறவன். பாடம் புள்ளியியல். பாடநூல் எழுதியவர் வேறு, வீடியோவில் வந்து பேசுகிறவர் வேறு, தேர்வுக்கு வினா எடுப்பவர் வேறு. ஜெர்மன் கல்வியாளர் ஓட்டோ பீட்டர்ஸ் 1960களிலேயே இதைச் சொல்லிவிட்டார்: தொலைநிலைக் கல்வி என்பது தொழிற்சாலை முறைக் கற்பித்தல், ஒரே ஆசிரியர் செய்துவந்த வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்த ஏற்பாடு. அதில் எனக்கு வாய்த்த துண்டு, மாணவர் எழுதியதைப் படித்து ஓரத்தில் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புவது. கருத்தரங்குப் படத்தில் அந்தத் துண்டுக்கு இடமில்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன் என்று வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஆனால் இந்தத் துறையின் பழைய கதைகளைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதிப்படுகிறது. பாடம் எதில் ஏறிப் போனது என்பது பெரிய விஷயமே இல்லை. மாணவர் எழுதியதை யாராவது படித்துப் பதில் போட்டார்களா, அதில்தான் ஒவ்வொரு முறையும் காரியம் நின்றிருக்கிறது.

1728 மார்ச் மாதம் பாஸ்டன் கெஸட் பத்திரிகையில் காலெப் பிலிப்ஸ் என்பவர் ஒரு விளம்பரம் கொடுத்தார். சுருக்கெழுத்துக் கற்றுத் தருகிறேன், வெளியூரில் இருப்பவர்களுக்கு வாராவாரம் பாடங்களை அனுப்பி வைப்பேன், பாஸ்டனிலேயே இருந்து படிப்பவர்கள் அளவுக்கு அவர்களும் தேறலாம் என்றார். தொலைநிலைக் கல்வி பிறந்த நாள் இதுதான் என்று பல நூல்கள் எழுதுகின்றன. விளம்பரத்தில் பாடம் போகும் வழி இருக்கிறது. மாணவர் எழுதுவது திரும்பி வருவதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. என் கணக்கில் அது பாதிப் பிறப்புதான்.

மீதிப் பாதிக்கு நூறு ஆண்டுக்கு மேல் ஆனது. இங்கிலாந்தின் ஐசக் பிட்மனும் சுருக்கெழுத்துக்காரர்தான். (தபாலில் முதலில் ஏறியது சுருக்கெழுத்து என்பதில் ஆச்சரியமில்லை. தாளில் தொடங்கித் தாளிலேயே முடிகிற வித்தை அது. ஆய்வகம் வேண்டாம், கரும்பலகை வேண்டாம்.) 1840இல் பிரிட்டனில் ஒரு பென்னி தபால் முறை வந்தது. அதற்கு முன்பு தூரத்துக்கு ஏற்பக் கட்டணம், அதையும் பெரும்பாலும் கடிதம் பெறுபவர்தான் கட்ட வேண்டும். பாடம் ஒன்று வந்து சேர்வதற்கே செலவு என்றால், எழுதிய பயிற்சியை அனுப்பித் திருத்தம் வாங்குவது சாமானியருக்குக் கட்டுப்படியாகுமா? பென்னி தபால் வந்ததும் போகவும் வரவும் ஒரே மலிவு. பிட்மன் பாடம் அனுப்பினார். மாணவர்கள் விவிலியப் பகுதிகளைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்பினார்கள். அவர் திருத்தித் திருப்பினார். கூட்டம் பெருகியதும் 1843இல் இந்தத் திருத்தும் வேலைக்கென்றே ஒரு சங்கம் அமைந்தது. அதன் உறுப்பினர்கள் புதிதாகக் கற்பவர்களின் பயிற்சிகளைக் காசு வாங்காமல் திருத்திக் கொடுத்தார்கள். பிட்மன் தபால் அட்டையில் பாடம் நடத்தினார் என்று இன்றும் பல கட்டுரைகளில் பார்க்கலாம். பிரிட்டனில் தபால் அட்டை வந்ததே 1870இல். ஒருவர் எழுதியதைப் பார்த்து அடுத்தவர் எழுதிக்கொண்டே போனால் இப்படித்தான் ஆகும்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு, 1873இல் பாஸ்டனில் அன்னா எலியட் டிக்னர் தொடங்கிய 'வீட்டிலிருந்தே படிப்பதை ஊக்குவிக்கும் சங்கம்'. பெண்களுக்குக் கல்லூரி வாசல் அநேகமாக மூடியிருந்த காலம். படிக்க விரும்பிய பெண்ணுக்கு இன்னொரு பெண் கடித வழி ஆசிரியை. மாதம் தவறாமல் கடிதப் போக்குவரத்து: என்ன படித்தாய், என்ன விளங்கியது, எங்கே நின்றுபோனாய். நூல்களும் தபாலிலேயே இரவலாகப் போய்த் திரும்பின. 1897 வரை நடந்த அந்தச் சங்கத்தில் 7,000க்கு மேற்பட்ட பெண்கள் படித்தார்கள். முடிவில் பட்டம் எதுவும் கிடையாது. கிடைத்ததெல்லாம் தன் பெயர் தெரிந்த ஒருவர் எழுதிய பதில்கள்தான். அதற்கே அவ்வளவு பேர் வந்தார்கள்.

இதற்கு நேர் எதிரான கதவு ஒன்றை 1858லேயே லண்டன் பல்கலைக்கழகம் திறந்திருந்தது. எங்கே படித்தாய், யாரிடம் படித்தாய் என்று கேட்க மாட்டோம், வந்து தேர்வு எழுது, தேறினால் பட்டம். கற்பிக்கும் பொறுப்பு எங்களுடையது இல்லை. இதையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியக் கைதி முகாம்களுக்குச் செஞ்சிலுவைச் சங்கம் புத்தகங்களை அனுப்பி வைத்தது, முள்வேலிக்குள் உட்கார்ந்து ஆயிரக்கணக்கானவர்கள் பலவகைத் தேர்வுகளை எழுதினார்கள். ராபன் தீவுச் சிறையில் நெல்சன் மண்டேலா லண்டனின் சட்டப் படிப்புக்குத்தான் படித்தார். கடைசியில் 1989இல் அவர் எல்.எல்.பி. முடித்தது தென்னாப்பிரிக்காவின் யுனிசாவில். 1946 முதல் அஞ்சல் வழியில் கற்பித்துவரும் பல்கலைக்கழகம் அது. லண்டன் கற்பிக்காமல் விட்ட இடத்தில் தனியார் அஞ்சல் கல்லூரிகள் முளைத்தன. 1887இல் வில்லியம் பிரிக்ஸ் தொடங்கிய கல்லூரியில் 1890களின் தொடக்கத்தில் ஆசிரியராக வயிறு வளர்த்தவர்களில் ஒருவர், பின்னாளில் அறிவியல் புனைகதைகளால் புகழ்பெற்ற எச்.ஜி. வெல்ஸ். எங்கள் தொழிலுக்கு இப்படி ஒரு முன்னோர் இருக்கிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

சரி, வியாபாரத்துக்கு வருவோம். பென்சில்வேனியாவில் சுரங்க விபத்துகள் பெருகி, மேற்பார்வையாளர்கள் தேர்வில் தேறியாக வேண்டும் என்று 1880களில் விதி வந்தது. அங்கே சுரங்கத் தொழிலுக்கென்று பத்திரிகை நடத்திய தாமஸ் ஃபாஸ்டர், தொழிலாளர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பத்திரிகையிலேயே பதில் வெளியிட்டார். கேள்விகள் குவிந்தன. அந்தக் கேள்வி பதில் பகுதிதான் வளர்ந்து 1891இல் ஸ்க்ரான்டன் நகரின் புகழ்பெற்ற அஞ்சல் பள்ளியானது. தொடக்கம் எவ்வளவு அழகு பாருங்கள், மாணவன் கேட்டதிலிருந்து பாடம் பிறக்கிறது. ஆனால் அமெரிக்காவில் இந்தத் தொழில் பெருத்தபோது ஒரு கணக்கை எல்லோரும் கண்டுகொண்டார்கள். கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிவிட்டால், பாதியில் நின்றுபோகிற மாணவர்தான் லாபம். அவருடைய தாளைத் திருத்த ஆள் வேண்டாம், தபால் செலவும் இல்லை. விற்பனை முகவர்களுக்குச் சம்பளம் ஏறியது, திருத்துகிறவர்களுக்கு ஏறவில்லை.

இதன் உச்சம் 1960களில் வந்த ஒரு பள்ளி. எழுத்துக் கலையை அஞ்சலில் கற்றுத் தருவதாக விளம்பரம், அதில் பிரபல எழுத்தாளர்களின் முகங்கள். அவர்களே உங்கள் எழுத்தைப் படித்துக் கருத்துச் சொல்வார்கள் என்று தோன்றும்படி வாசகங்கள். 1970இல் அட்லாண்டிக் மாத இதழுக்காக பத்திரிகையாளர் ஜெசிக்கா மிட்ஃபோர்ட் துருவிப் பார்த்தார். பெயர் கொடுத்த பிரபலங்கள் மாணவர் எழுதியதைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை என்பதை அவர்கள் வாயாலேயே வரவழைத்தார். சில ஆண்டுகளில் பள்ளி திவால். அச்சடித்த பாடத்தில் ஏமாற்று இருந்ததாக யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை. படிப்பதாகச் சொன்னவர்கள் படிக்கவில்லை, அதுதான் குற்றச்சாட்டு.

வானொலியும் தொலைக்காட்சியும் வந்தபோது நடந்ததில் ஒரு கூத்தைச் சொல்லியே ஆக வேண்டும். 1961இலிருந்து சில ஆண்டுகள் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்திலிருந்து டி.சி.6 விமானங்கள் கிளம்பும். இண்டியானா மாநிலத்தில் மான்ட்பீலியர் என்ற இடத்துக்கு மேலே 23,000 அடி உயரத்தில் எட்டு போட்டுச் சுற்றிச் சுற்றிப் பறக்கும். வயிற்றுக்குக் கீழே நீளமாக ஒரு ஆன்டெனா. அங்கிருந்து ஆறு மாநிலங்களின் பள்ளிகளுக்குத் தொலைக்காட்சிப் பாடம் ஒளிபரப்பாகும். வானத்திலிருந்து பாடம் மழையாகப் பொழிந்தது. கீழே இருக்கிற பிள்ளை "புரியலை" என்று சொன்னால் மேலே கேட்பதற்கு வழியில்லை. 1968இல் விமானங்கள் இறங்கிவிட்டன.

ஆஸ்திரேலியாவில் இதே காலத்தில் வேறு விதமாக நடந்தது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 1951இல் தொடங்கிய வான்வழிப் பள்ளிக்கு யோசனை சொன்னவர் அடிலெய்ட் மீத்கே என்ற கல்வியாளர். பாலைவனப் பண்ணைகளில் பறக்கும் மருத்துவர் சேவைக்காக ஏற்கெனவே இருந்த வானொலிக் கருவிகளைப் பார்த்து வந்த யோசனை அது. அந்தக் கருவிகளில் கேட்கவும் முடியும், பேசவும் முடியும். முதலில் ஆசிரியர் பேசுவது மட்டும்தான் போனது. சீக்கிரமே பாடத்தின் முடிவில் கேள்வி நேரம் சேர்ந்தது. பக்கத்து வீடே பல மைல் தள்ளி இருக்கிற பிள்ளைகள் வகுப்புத் தோழர்களின் குரலைக் கேட்டார்கள். அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. கொலம்பியாவில் 1947இல் சால்செதோ என்ற பாதிரியார் தொடங்கிய சுதாதென்சா வானொலியும் ஒலிபரப்போடு நிற்கவில்லை. விவசாயக் குடும்பங்கள் வானொலியைச் சுற்றி உட்காரும்போது எழுத்துத் தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் துணைக்கு இருப்பார். நேயர்களிடமிருந்து லட்சக்கணக்கில் கடிதங்கள் வந்தன, பதில்களும் போயின.

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் நள்ளிரவு பி.பி.சி. ஒளிபரப்பையும், அதில் தாடி வைத்துக்கொண்டு பேசிய பேராசிரியர்களையும் மறக்காமல் எழுதுவார்கள். தொழிற்கட்சித் தலைவர் ஹரால்ட் வில்சன் 1963இல் அறிவித்தபோது அதன் பெயரே வான்வெளிப் பல்கலைக்கழகம் என்றுதான் இருந்தது. ஜென்னி லீ என்ற அமைச்சர் பிடிவாதமாக நின்று அதைச் சாதித்தார். 1971 ஜனவரியில் முதல் மாணவர்களுக்குப் பாடம் தொடங்கியது. அதே ஜனவரி 20ஆம் தேதி பிரிட்டனின் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கி, மார்ச் வரை தபாலே ஓடவில்லை! தொலைக்காட்சி நிகழ்ச்சி தடையில்லாமல் வந்துகொண்டிருந்தது. ஆனாலும் பல்கலைக்கழகத்துக்கு உயிர் போய் உயிர் வந்தது, ஏனென்றால் அங்கே வேலை நடந்தது தாளில்தான்.

என்னைப் போன்றவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்தில் கற்றுக்கொள்ள வேண்டியது இன்னொன்று. பயிற்றுநர் திருத்துகிற ஒப்படைப்பு என்பதை அவர்கள் படிப்பின் முதுகெலும்பாகவே வைத்தார்கள். திருத்தியவரின் திருத்தத்தையும் மேலே ஒருவர் மாதிரிக்கு எடுத்துப் படிப்பார். மதிப்பெண் சரியா என்று மட்டும் பார்க்க மாட்டார். எழுதிய குறிப்பு மாணவருக்கு உதவுமா, வெறும் 'நன்று' என்று கிறுக்கி விட்டிருக்கிறாரா என்றும் பார்ப்பார். கனடாவில் அதபாஸ்கா, ஸ்பெயினில் யு.என்.ஈ.டி., ஜெர்மனியில் ஹாகன், தாய்லாந்தில் சுகோதை தம்மாதிராத், இந்தியாவில் இக்னோ என்று அடுத்தடுத்துத் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் வந்தன. பிரிட்டனைப் பார்த்துப் பலரும் பலவற்றை எடுத்துக்கொண்டார்கள். இந்த மேல்பார்வை வழக்கம் நான் வேலை பார்த்த எந்த இடத்துக்கும் வந்து சேரவில்லை.

நானும் அஞ்சல் வழியில் படித்தவன்தான். எங்கே என்பது வேண்டாம். பாடப் புத்தகக் கட்டு ஒழுங்காக வந்தது. ஒப்படைப்புகள் போன வழி தெரியாது. சில திரும்பவே இல்லை, வந்தவற்றில் முகப்பில் ஒரு எண், உள்ளே வரிசையாகச் சரிக்குறி. பக்கங்களைப் புரட்டும் வேகத்திலேயே போட்ட சரிக்குறிகள் அவை. நடுவில் ஒரு கணக்கை நான் பாதியில் விட்டிருந்தேன், அதற்கும் சரிக்குறி. ஒரே ஒரு தாள் மட்டும் வேறு மாதிரி வந்தது. நிகழ்தகவுக் கணக்கு ஒன்றில், நான் ஒரு வரியைத் தாண்டிக் குதித்த இடத்தில், பென்சிலால் சின்ன எழுத்தில்: "இந்த வரியிலிருந்து அடுத்த வரிக்கு எப்படி வந்தீர்கள்?" எனக்கே தெரியவில்லை. புத்தகத்தின் கடைசியில் இருந்த விடையைப் பார்த்துவிட்டு அதற்குப் பொருந்துகிற மாதிரி எழுதியிருந்தேன். அந்தக் கேள்விக்கு உட்கார்ந்து பதில் எழுதி அனுப்பிய பிறகுதான் எனக்கு அந்தப் பாடம் பிடிபட்டது. எழுதியவர் யார் என்று கடைசி வரை தெரியாது. கையெழுத்துக்குப் பதிலாக ஒரு குறியீட்டு எண் இருந்தது.

இதை உணர்ச்சிக் கதையாக ஒதுக்க வேண்டாம், கணக்கும் இருக்கிறது. நார்வேயில் என்.கே.ஐ. என்ற அஞ்சல் பள்ளியில் டோர்ஸ்டைன் ரெக்டால் 1970களில் ஒரு சோதனை செய்தார். ஒரு குழுவுக்குத் திருத்திய தாளைச் சட்டென்று திருப்பினார்கள், இன்னொரு குழுவுக்கு வழக்கமான தாமதத்தோடு. விரைவாகத் திரும்பப் பெற்றவர்களில் படிப்பை முடித்தவர்கள் குறிப்பிடத்தக்க அளவில் அதிகம். மற்றபடி பாடத்தில் மாற்றமில்லை. ஐம்பது ஆண்டுப் பழைய ஆய்வு. இன்றைக்கும் ஒப்படைப்புகள் மாதக்கணக்கில் கட்டுக் கட்டாக அலுவலக அலமாரியில் தூங்குகின்றன.

திருத்துவது என்றால் என்ன என்பதற்கு ஒரு தாளைக் காட்டுகிறேன். வினா வங்கியிலிருந்து வந்த கணக்கு இது. 100 பேரில் ஒருவருக்கு ஒரு நோய் இருக்கிறது. நோய் உள்ளவர்களில் 90 விழுக்காட்டினரைப் பரிசோதனை சரியாகப் பிடிக்கும். நோய் இல்லாதவர்களிலும் 9 விழுக்காட்டினருக்குத் தவறாக 'பாசிட்டிவ்' காட்டும். ஒருவருக்கு 'பாசிட்டிவ்' வந்தால் அவருக்கு உண்மையிலேயே நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டால் 10 பேருக்கு நோய், அதில் 9 பேர் பிடிபடுவார்கள். நோயில்லாத 990 பேரில் சுமார் 89 பேருக்கும் 'பாசிட்டிவ்' வரும். ஆக 98 பேரில் 9 பேர், சுமார் 9 விழுக்காடு.

ஒரு மாணவர் '9%' என்று எழுதியிருந்தார். இணையத்தில் கொடுக்கும் வினாடி வினாவாக இருந்தால் பச்சைக் குறி விழுந்திருக்கும், அவரும் அடுத்த பாடத்துக்குப் போயிருப்பார். தாளில் அவர் எழுதியிருந்த படிகளைப் பார்த்தால், தவறாகப் 'பாசிட்டிவ்' காட்டும் 9 விழுக்காட்டை அப்படியே எடுத்து விடையாக வைத்திருக்கிறார். வேறு கேள்விக்கான எண், தற்செயலாக இந்தக் கேள்வியின் விடையோடு ஒத்துப்போய்விட்டது. ஓரத்தில் "இந்த 9 எந்த 9?" என்று எழுதினேன். அடுத்த முறையிலிருந்து அந்த 9ஐ 5 ஆக்கச் சொல்லி வினாக் குழுவுக்கும் எழுதினேன். அப்போது விடை 15க்கு மேல் போய்விடும், தப்பிக்க வழியில்லை.

இணையம் வந்தபோது அம்பு மறுபடியும் ஒரே பக்கம் பாய்ந்தது. 2011இல் ஸ்டான்ஃபோர்டின் செபாஸ்டியன் த்ரூனும் பீட்டர் நார்விக்கும் செயற்கை நுண்ணறிவு வகுப்பை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். 1,60,000 பேர் சேர்ந்தார்கள், சுமார் 23,000 பேர் முடித்தார்கள். அடுத்த ஆண்டு எம்.ஐ.டி.யின் மின்சுற்றுகள் பாடத்துக்குச் சுமார் 1,55,000 பேர் பதிவு, சான்றிதழ் வாங்கியவர்கள் 7,157. பல்கலைக்கழகங்களே மூடப்படும் என்றெல்லாம் அப்போது ஆரூடம் சொன்னார்கள். 2019இல் சயின்ஸ் இதழில் ஜஸ்டின் ரீச்சும் ஹோசே ருய்பெரெஸ் வலியென்டேயும் எழுதிய கட்டுரையின்படி, எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் எட்எக்ஸ் தளத்தில் நடத்திய பாடங்களில் 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3.13 விழுக்காடு. நியாயமாகச் சொன்னால், சேர்ந்தவர்கள் எல்லோரும் முடிக்க வேண்டும் என்று சேரவில்லை. எட்டிப் பார்க்க வந்தவர்களும் உண்டு. நான்கூட அப்படி எட்டிப் பார்த்துவிட்டு ஓடியவன்தான். என் குறை வேறு. நான் ஓடியதை அங்கே யாரும் கவனிக்கவில்லை. டிக்னரின் சங்கத்தில் ஒரு மாதம் எழுதாவிட்டால் ஏன் எழுதவில்லை என்று கேட்பதற்கு ஆசிரியை ஒருவர் இருந்தார்.

2020ஐப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பெருந்தொற்றில் பள்ளி கல்லூரிகள் மூடியபோது பாதிக்கப்பட்ட மாணவர்கள் சுமார் 160 கோடி என்று யுனெஸ்கோ கணக்கிட்டது. அன்றைக்கு நடந்தது தீப்பிடித்த வீட்டிலிருந்து சாமான்களை வெளியே எடுத்துப் போட்ட மாதிரி. அதை வைத்துத் தொலைநிலைக் கல்வியே உருப்படாது என்று தீர்ப்பு எழுதியவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. அப்போது யுனிசெஃபும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் வெளியிட்ட இன்னொரு எண்தான் முக்கியம்: 3 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு, அதாவது 130 கோடிப் பேருக்கு, வீட்டில் இணைய இணைப்பு இல்லை. வருங்காலம் என்று படம் போடுகிறவர்கள் தபால் உறையையும் வானொலியையும் இவ்வளவு சீக்கிரம் இடது ஓரத்துக்குத் தள்ள வேண்டியதில்லை.

இப்போது ரோபோ பொம்மைக்கு வருகிறேன். 2016இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அசோக் கோயல், இணையவழி மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல 'ஜில் வாட்சன்' என்ற மென்பொருளைத் துணை ஆசிரியர்களில் ஒருவராக நுழைத்துவிட்டார். அது மனிதர் இல்லை என்று மாணவர்களுக்குப் பருவம் முடியும் தறுவாயில்தான் தெரிந்தது. இன்றைய ஏ.ஐ. அதைவிடப் பல மடங்கு கெட்டி. அந்த 9 விழுக்காட்டுத் தாளைத் தட்டச்சு செய்து அதனிடம் கொடுத்துப் பார்த்தேன். விடை சரி, வந்த வழி தவறு என்று நொடியில் பிடித்துவிட்டது. "எந்த 9?" என்பதைவிட நீளமாக, பொறுமையாக விளக்கமும் கொடுத்தது. ரெக்டாலின் மாணவர்கள் நாள் கணக்கில் காத்திருந்ததை இது நொடிக்குக் கொண்டுவந்துவிட்டது. அம்பு முதல்முறையாக எல்லோருக்கும் திரும்பி வரப்போகிறது என்று சந்தோஷப்படத்தான் வேண்டும். 1984இல் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் ப்ளூம் சொன்ன கனவும் இதுதான். தனி ஆசிரியர் வைத்துப் படித்த சராசரி மாணவர், வகுப்பறையில் படித்தவர்களில் 98 விழுக்காட்டினரை முந்தினார் என்றது அவருடைய கட்டுரை. பின்னால் வந்த ஆய்வுகளில் அவ்வளவு பெரிய வித்தியாசம் கிடைக்கவில்லை. ஆனாலும் தனி ஆசிரியரால் பலன் உண்டு என்பது பொய்யில்லை.

என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. என்னிடம் வருகிற ஒப்படைப்புகளில் இப்போது நல்ல பாதி ஏ.ஐ. எழுதியவை. படித்த உடனே தெரிந்துவிடும்: அடித்தல் இல்லை, தாண்டிக் குதித்த வரி இல்லை, தவறான 9 இல்லை. குறிப்பு எழுத ஓரத்தில் இடம் நிறைய இருக்கிறது, எழுத விஷயம்தான் இல்லை. இதைத் திருத்தவும் ஏ.ஐ. வைத்துவிட்டால், ஒரு மென்பொருள் எழுதியதை இன்னொரு மென்பொருள் மெச்சிக்கொள்ளும், மாணவர் நடுவில் தபால்காரராக நிற்பார். ஒப்படைப்பு என்ற ஏற்பாடே இன்னும் சில ஆண்டுகளில் செத்துவிடும் என்றுதான் நினைக்கிறேன். லண்டன் 1858இல் செய்த மாதிரி, தேர்வு மட்டும் ஓரிடத்தில், கற்றல் எங்கேயோ எப்படியோ என்று பிரிந்துபோக நிறைய வாய்ப்பிருக்கிறது. அது நடந்தால் லாபம் யாருக்கு என்பதற்கு அமெரிக்க அஞ்சல் பள்ளிகளின் பழைய கணக்கைப் புரட்டினால் போதும்.

மாற்று என்ன என்றால், வாய்மொழி. இந்தப் பருவத்திலிருந்து நான் ஒன்று செய்துபார்க்கிறேன். ஒப்படைப்பு வந்ததும் மதிப்பெண் போடுவதற்கு முன்பு மாணவரைக் கைப்பேசியில் கூப்பிட்டுப் பத்து நிமிடம் பேசுகிறேன். "மூன்றாவது கணக்கில் ஏன் இந்த எண்ணால் வகுத்தீர்கள்?" என்ற மாதிரிக் கேள்விகள்தான். திருட்டைப் பிடிக்கத்தான் கூப்பிடுகிறேன் என்று முதலில் நடுங்குகிறார்கள். அப்பழுக்கில்லாத விடைகள் அனுப்பியிருந்த ஒரு மாணவி, நான் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டார்: "சார், அது ஏ.ஐ. எழுதினது. எனக்கு ரெண்டாவது பாடத்துலயே நின்னுபோச்சு. யார்கிட்ட கேக்கிறதுன்னு தெரியலை." ஏ.ஐ.யிடமே கேட்டிருக்கலாமே என்றேன். "கேட்டேன் சார். அது சொன்னா புரிஞ்ச மாதிரி இருக்கு. மூடி வச்சுட்டா மறுபடி வரமாட்டேங்குது" என்றார். இரண்டாம் பாடத்திலிருந்து தொடங்கினோம். பத்து நிமிடம் முக்கால் மணி நேரம் ஆனது. அடுத்த வாரம் அவர் கைப்பட எழுதி, தாளைப் படம் பிடித்து அனுப்பினார். முதல் பக்கத்திலேயே இரண்டு இடத்தில் தவறு. குறிப்பு எழுத விஷயம் இருந்தது.

இந்தப் பேச்சுக்கு ஊதியப் பட்டியலில் இடம் கிடையாது. தாளுக்கு இவ்வளவு என்பதுதான் கணக்கு. நேரத்துக்கும் ஒரு தலைப்புச் சேர்க்க வேண்டும், ஒரு பயிற்றுநருக்கு இத்தனை மாணவர்களுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். நடந்தால் அடுத்த பருவத்தில் மற்ற பயிற்றுநர்களும் சேர்ந்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். நடக்காவிட்டால் நான் மட்டும், அதுவும் மாலையில் முடிகிற வரைக்கும், கூப்பிட்டுக்கொண்டிருப்பேன்.